பியானோ கற்க ஆசிரியர் எதற்கு?

கம்பம் பள்ளத்தாக்கில் இசை கற்பதைப் பற்றிய பேச்சு எந்தத் தேநீர்க் கடையில் தொடங்கினாலும் இளையராஜாவின் ஊரான பண்ணைப்புரத்தில் போய்த்தான் முடியும். “ராஜா எந்த கிளாஸுக்குப் போனார்? ஆர்மோனியப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணனோடு ஊர் ஊராகப் போய் வாசித்தார், வந்துவிட்டது” என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதற்கு மறுபேச்சு கிடையாது. அந்த ஊர் எங்களுக்குப் பக்கத்து ஊர் போலத்தான் என்பதால், இந்த வாதத்தை நான் சிறுவயது முதல் கேட்டிருக்கிறேன். நானே பலமுறை சொல்லியும் இருக்கிறேன்.

ஆனால் இது பாதிக் கதை. அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவில் பல ஆண்டுகள் மேடையேறி வாசித்த இளையராஜா, 1968இல் சென்னைக்குச் சென்ற பின்னர் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையை முறையாகக் கற்றார். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிடார் தேர்வில் தங்கப் பதக்கமும் பெற்றார். கையில் வித்தை ஏற்கெனவே இருந்த ஒருவர் மறுபடியும் மாணவராக இன்னொருவர் முன் போய் உட்கார்ந்தார் என்பதுதான் தேநீர்க் கடையில் விடுபட்டுப்போகும் மறுபாதி. அப்படி உட்கார்ந்து பெறுவதற்கு ஆசிரியரிடம் என்ன இருக்கிறது, அது புத்தகத்திலும் கைப்பேசியிலும் ஏன் கிடைப்பதில்லை, அது இல்லாமலே எவ்வளவு தூரம் போக முடியும் என்பவற்றை, பியானோவைத் தொட்டே பார்க்காதவருக்கும் விளங்கும்படி இங்கே எழுத முயல்கிறேன்.

கருவி எது என்பதைப் பொறுத்தே பாடம்

பியானோவில் 88 கட்டைகள் உள்ளன. அவற்றில் 52 வெள்ளை, 36 கறுப்பு. ஒரு கட்டையை அழுத்தினால் உள்ளே கம்பளி பொதிந்த ஒரு சிறு சுத்தியல் எழுந்து கம்பியை அடித்துவிட்டு உடனே விலகிக்கொள்கிறது. கட்டை எவ்வளவு வேகமாகக் கீழிறங்குகிறதோ அவ்வளவு பலமாக ஒலி எழுகிறது. இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் பார்தலோமியோ கிறிஸ்டோஃபோரி என்பவர் 1700ஆம் ஆண்டையொட்டி இந்தக் கருவியை உருவாக்கியபோது அதன் சிறப்பாகக் கருதப்பட்டதே மெல்லிய ஒலி, பலத்த ஒலி இரண்டையும் விரலாலேயே எழுப்ப முடியும் என்பதுதான்; ‘பியானோ’ என்ற இத்தாலியச் சொல்லுக்கு மெல்ல என்றே பொருள்.

எங்கள் பக்கத்து வீடுகளில் அசல் பியானோ கிடையாது. இருப்பது ஆர்மோனியம் அல்லது 61 கட்டைகள் கொண்ட மின்னணுக் கீபோர்டு. இவை பார்ப்பதற்கு ஒன்றுபோல இருந்தாலும் கைக்குக் கற்றுக்கொடுப்பவை வெவ்வேறு. ஆர்மோனியத்தில் ஒலியின் பலம் துருத்தியின் காற்றிலிருந்து வருகிறது, விரலிலிருந்து வருவதில்லை. கட்டையை ஓங்கிக் குத்தினாலும் தடவினாலும் ஒரே ஒலிதான். மேலும், கையால் துருத்தி அமுக்கும் பெட்டியில் இடது கை முழுநேரத் துருத்திக்காரராகவே இருந்துவிடுவதால், இருபது ஆண்டு ஆர்மோனியம் வாசித்த ஒருவர் பியானோ முன் அமரும்போது அவருடைய வலது கை வித்துவானாகவும் இடது கை பாலர் பள்ளி மாணவராகவும் இருப்பதைக் காணலாம். நாடக மேடைகளில் காலால் மிதித்து வாசிக்கும் பெட்டிக்காரர்களுக்கு இந்தக் குறை இல்லை. மலிவான கீபோர்டுகளிலும் கட்டையின் வேகத்துக்கு ஏற்ப ஒலி மாறுவதில்லை. ஆகவே பியானோ வாசிப்பு நோக்கமென்றால், வாங்கும் கீபோர்டில் ‘டச் ரெஸ்பான்ஸ்’ என்னும் வசதி கட்டாயம் இருக்க வேண்டும். வசதியுள்ளவர்கள் அசல் பியானோவைப் போல எடையுள்ள 88 கட்டைகளைக் கொண்ட டிஜிட்டல் பியானோவையே வாங்கலாம். அதற்குப் பல மடங்கு விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால் முதல் ஆண்டிலேயே கடன் வாங்கி அதை வாங்கத் தேவையில்லை என்பது என் கருத்து.

ஆசிரியர் இல்லாமலே வந்துவிடுகிறவை

கருவியின் அமைப்பைப் புரிந்துகொள்ள யாருடைய உதவியும் தேவையில்லை. கறுப்புக் கட்டைகள் இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று என்று கொத்துக் கொத்தாக அமைந்திருக்கும். இரண்டு கறுப்பு உள்ள கொத்தின் இடப்பக்கம் ஒட்டியிருக்கும் வெள்ளைக் கட்டைக்கு மேற்கத்திய முறையில் ‘சி’ என்று பெயர்; அங்கிருந்து வலப்பக்கமாக டி, ஈ, எஃப், ஜி, ஏ, பி என்று ஏழு வெள்ளைகள் முடிந்தபின் மீண்டும் சி வரும். கறுப்பையும் சேர்த்தால் பன்னிரண்டு. நம் கர்நாடக இசையின் பன்னிரண்டு சுரத்தானங்களை இந்தப் பன்னிரண்டில் வைத்துப் பார்க்கலாம் என்பதால், சரளி வரிசை பாடிய காது உள்ளவர்களுக்குப் பியானோ அந்நியமான கருவி அன்று. சி கட்டையைச் சட்ஜமாக (ச) வைத்து வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையாக வாசித்தால் அது 29ஆவது மேளமான, அதாவது தாய் இராகமான, சங்கராபரணத்தின் சுரங்கள். மேற்கத்திய இசையில் அதை ‘சி மேஜர்’ என்கிறார்கள். அதே வரிசையில் ரிஷபத்தையும் (ரி) தைவதத்தையும் (த) மட்டும் ஒரு படி கீழே உள்ள கறுப்புக் கட்டைகளுக்கு மாற்றினால், நாம் முதன்முதலில் கற்கும் மாயாமாளவகௌளை, அதாவது 15ஆவது மேளம், கிடைத்துவிடுகிறது. சுரங்கள் கிடைக்குமே தவிர, கமகம் கிடைக்காது. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு இழைந்து செல்லும் வழி இந்தக் கட்டைகளுக்கு நடுவே இல்லை. இதே குறையைச் சொல்லித்தான் அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்துக்குத் தடை விதித்து 1971 வரை அதை விலக்கி வைத்திருந்தது.

பாடகர்கள் ‘எனக்கு ஐந்தரைக் கட்டை’ என்று சொல்வதும் இதே கட்டைகளைத்தான். சி ஒரு கட்டை, அதை அடுத்த கறுப்பு ஒன்றரை, டி இரண்டு, ஈ மூன்று, எஃப் நான்கு, ஜி ஐந்து, ஏ ஆறு, பி ஏழு. இடைப்பட்ட கறுப்புகள் எல்லாம் அரைகள். மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் கறுப்பு இல்லாததால் மூன்றரைக் கட்டை என்ற சுருதியும் இல்லை. இந்தக் கணக்கு தெரிந்த ஒருவருக்கு மேற்கத்தியப் பெயர்களை மனப்பாடம் செய்ய ஒரு மாலைப்பொழுது போதும்.

கார்டு என்பது குறைந்தது மூன்று சுரங்களை ஒன்றாக ஒலிக்கச் செய்வது என்பதையும், ஐந்து கோடுகளில் எழுதப்படும் ஸ்டாஃப் நொட்டேஷனில் உயரே போகும் புள்ளி மேல் சுரத்தையும் கீழே வரும் புள்ளி கீழ்ச் சுரத்தையும் குறிக்கும் என்பதையும், வலது கைக்கு ஒரு கோட்டுத் தொகுதி, இடது கைக்கு இன்னொன்று, இரண்டுக்கும் நடுவே நிற்பதுதான் ‘மிடில் சி’ என்பதையும் நல்ல புத்தகம் ஒன்றோ நிதானமான காணொளி ஒன்றோ சொல்லித்தந்துவிடும். மேலிருந்து வண்ணப் பட்டைகள் வந்து விழ, அவை விழும் கட்டைகளை அழுத்திக்கொண்டே போகும் வகைக் காணொளிகளை மட்டும் நான் பரிந்துரைப்பதில்லை. திரை அணைந்ததும் வாசிப்பும் அணைந்துவிடுகிறது. நொட்டேஷன் படிக்க மூன்று மாதம் தினமும் பத்து நிமிடம் செலவிட்டவர் பிறகு எந்த ஊரில் எந்தத் தாளைக் கொடுத்தாலும் மெதுவாகவாவது வாசித்துவிடுவார்.

வராதது எது

நான் எங்கள் ஊர் மாதா கோயில் பாடகர் குழுவில் 15 வயதில் கீபோர்டு முன் உட்கார்ந்தவன். முன்பு வாசித்த அண்ணன் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டதால் அந்த இடம் எனக்குக் கிடைத்தது. அவர் போகும் முன் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் காட்டிக்கொடுத்ததுதான் நான் பெற்ற பயிற்சி. பன்னிரண்டு ஆண்டுகள் திருப்பலி, திருவிழா, திருமணம் என்று குறையில்லாமல் ஓடின. கேட்டவர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள், நானும் நம்பினேன்.

27 வயதில், லோயர் கேம்ப் மலைப்பாதையில் ஏறிக் கேரள எல்லையிலுள்ள குமுளிக்குப் போய், ஓய்வு பெற்ற பியானோ ஆசிரியை ஒருவர் முன் வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு அவர் என் கீபோர்டில் இரண்டு பொத்தான்களை மட்டும் அணைத்தார். ஒன்று ‘ஸ்டைல்’, அதாவது தானாகத் தாளம் போட்டுக்கொண்டே போகும் வசதி, மற்றொன்று ‘டிரான்ஸ்போஸ்’. “இப்போ அதே பாட்டு, அஞ்சரைக் கட்டையில் வாசிக்கு மோனே” என்றார். என்னால் நான்கு சுரங்களைத் தாண்ட முடியவில்லை.

கோயில்களில் கீபோர்டு வாசிக்கும் பலருக்கும் இந்த வித்தை தெரியும். பாட்டு எந்தச் சுருதியில் இருந்தாலும் விரல்கள் வெள்ளைக் கட்டைகளிலேயே சி மேஜரையோ ஏ மைனரையோ வாசித்துக்கொண்டிருக்கும். டிரான்ஸ்போஸ் பொத்தான் கருவியின் ஒலியைப் பாடகரின் சுருதிக்கு நகர்த்திக் கொடுத்துவிடும். பாடுபவருக்கு வசதி, வாசிப்பவருக்கும் வசதி. பன்னிரண்டு ஆண்டுகளில் நான் வாசித்தவை நூற்றுக்கணக்கான பாடல்கள்; கற்றதோ ஒரே ஒரு கட்டை. அசல் பியானோவில் அந்தப் பொத்தான் கிடையாது. அதுபோலவே, தாளத்தை இயந்திரம் பிடித்து வைத்திருந்ததால், இயந்திரம் நின்றதும் நான் எளிய இடங்களில் ஓடுகிறேன், கடினமான இடங்களில் தயங்குகிறேன் என்பது வெளியே வந்தது. பன்னிரண்டு ஆண்டுகளாக என் காதருகே நடந்துகொண்டிருந்த இந்தப் பிழையை நான் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.

கேட்காததற்குக் காரணம் அசட்டை அன்று. வாசிக்கும்போது கவனம் முழுவதும் அடுத்த கட்டை எங்கே, அடுத்த கார்டு எது என்பதில் முன்னோக்கி ஓடிக்கொண்டிருக்கிறது; இப்போது எழுந்த ஒலி எப்படி இருந்தது என்று திரும்பிப் பார்க்க அதற்கு இடமில்லை. தொடக்கநிலையில் இருப்பவருக்கு இது இன்னும் கடுமை. பிழை நடக்கும் அதே நொடியில் அதைக் கேட்டு, அது எந்த விரலிலிருந்து புறப்பட்டது என்று கண்டு, உடனே சொல்ல இன்னொருவர் பக்கத்தில் இருப்பதைத்தான் ஆசிரியர் என்று சொல்கிறேன். அவருக்குத் தெரிந்த தகவல்களெல்லாம் புத்தகத்திலும் இருக்கின்றன. அவருடைய காதும் கண்ணும்தான் புத்தகத்தில் இல்லை.

இது ஏன் அவசரமானது என்றால், பயிற்சிக்கு நல்லது கெட்டது தெரியாது. ஒரு வரியை ஐம்பது முறை சரியாக வாசித்தால் சரியானது கையில் படிகிறது. ஐம்பது முறை தவறாக வாசித்தால் தவறும் அதே உறுதியுடன் படிகிறது. பிறகு அதை மாற்றுவது, புதிதாகக் கற்பதைவிட நீண்ட வேலை. என் கட்டைவிரலைத் திருத்த எனக்கு எட்டு மாதம் ஆயிற்று.

கட்டைவிரலின் கதை

அந்தக் கட்டைவிரலைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பியானோவில் விரல்களுக்கு எண்கள் உண்டு: இரு கைகளிலும் கட்டைவிரல் 1, ஆள்காட்டி விரல் 2, நடுவிரல் 3, மோதிர விரல் 4, சுண்டுவிரல் 5. நமக்கு ஒரு கைக்கு ஐந்து விரல். ஒரு ஸ்தாயியில், அதாவது ஒரு சட்ஜத்திலிருந்து அடுத்த சட்ஜம் வரை, மேல் சட்ஜத்தையும் சேர்த்து எட்டுச் சுரம். ஐந்தை வைத்து எட்டை இடைவெளியின்றி வாசிக்க வேண்டுமானால், வலது கையில் 1, 2, 3 என்று மூன்று சுரம் வாசித்ததும் கட்டைவிரல் மற்ற விரல்களுக்கு அடியில் நுழைந்து நான்காவது சுரத்தைப் பிடிக்க, அங்கிருந்து 1, 2, 3, 4, 5 என்று முடிக்க வேண்டும். இடது கையில் ஏறும்போது 5, 4, 3, 2, 1 என்று ஐந்து சுரம் முடிந்தபின் நடுவிரல் கட்டைவிரலுக்கு மேலாகத் தாண்டி 3, 2, 1 என்று நிறைவு செய்யும். சங்கராபரணத்தைச் சி கட்டையில் வாசிக்கும் முறை இது. ஐந்தரைக் கட்டைக்குப் போனால் கதை மாறுகிறது: சட்ஜமே கறுப்புக் கட்டையில் விழுவதால், குட்டையான கட்டைவிரலை அங்கே வைக்காமல் வலது கை 3 அல்லது 2ஆம் விரலில் தொடங்கி, வெள்ளைக் கட்டைகள் வரும் இடங்களுக்குக் கட்டைவிரலை ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

இந்த விரல் வரிசை யாருக்கும் இயல்பாக வருவதில்லை. எனக்கு வந்த ‘இயல்பான’ வழி, நடுவிரலும் மோதிர விரலும் முடிந்ததும் கையை அப்படியே தூக்கி அடுத்த இடத்தில் வைப்பது. தூக்கும் நேரத்தில் ஒலி அறுந்துபோகும், ஒலியை நீட்டிக்கும் சஸ்டெயின் பெடல் அதை மூடிவிடும். இதில் எனக்கு ஆறுதல் தந்த ஒரு செய்தி உண்டு. யோகான் செபஸ்தியான் பாக், தம் இளமையில் தாம் கேட்ட பெரிய வித்துவான்கள் பெரிய இடைவெளிகளை எட்ட வேண்டியபோது தவிரக் கட்டைவிரலைப் பயன்படுத்தியதில்லை என்று சொன்னதாக, அவருடைய மகன் காரல் ஃபிலிப் இமானுவேல் பாக் 1753இல் வெளியிட்ட நூலில் எழுதியிருக்கிறார். அந்தத் தலைமுறையின் மேதைகளே தாமாகப் பெரிதும் பயன்படுத்தாமல் விட்ட விரலைக் கம்பத்துப் பையன் ஒருவன் தானாகக் கண்டுபிடிக்கவில்லை என்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால், கண்டுபிடித்தவர்கள் கையிலிருந்து கைக்கு மாற்றிக்கொடுத்து வந்த ஒன்றைப் பத்து நிமிடத்தில் பெற்றுக்கொள்ள வழியிருக்கும்போது பன்னிரண்டு ஆண்டு காத்திருந்தது வீண்தான்.

கையைப் பொறுத்தவரை இன்னும் சில உண்டு. விரலின் நுனி மூட்டு உள்வாங்கி மடிவது, தோள் மெல்ல மெல்லக் காதை நோக்கி ஏறுவது, வாசிக்காத சுண்டுவிரல் விறைத்து வானத்தைக் காட்டுவது, மணிக்கட்டு கட்டை மட்டத்துக்குக் கீழே தொங்குவது ஆகிய எதுவும் ஒலியில் உடனே தெரிவதில்லை என்பதால் தனியாகப் பயில்பவர் இவற்றை அறியாமலே வளர்த்துக்கொள்கிறார். வேகமான உருப்படி வரும்போது முன்கை வலிக்கிறது. வலித்தால் நிறுத்திவிட வேண்டும். பொறுத்துக்கொண்டு வாசிப்பது தசைநாரைக் கெடுக்கும்.

செயலியால் முடியாதா?

பியானோ கற்பிக்கும் செயலிகள் கைப்பேசியின் மைக் வழியாகவோ கம்பி இணைப்பு வழியாகவோ நாம் எந்தக் கட்டையை எந்த நேரத்தில் அழுத்தினோம் என்று கண்டுகொண்டு சரி, தவறு என்று சொல்கின்றன. இது உண்மையான உதவி. என் காலத்தில் இருந்திருந்தால் தாளத்தில் ஓடும் பழக்கம் எனக்கு முன்னதாகவே தெரிந்திருக்கும். எந்த விரலால் அழுத்தினோம், தோள் ஏறியிருந்ததா, மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோமா என்பவை அவற்றுக்குத் தெரியாது. சரியான கட்டையைத் தவறான விரலால் அழுத்தினாலும் பச்சை விளக்கு எரிகிறது. தொடக்கத்தில் அந்தப் பச்சை விளக்குத்தான் ஆபத்து.

செயலியைவிட மலிவான கருவி ஒன்று எல்லோரிடமும் உள்ளது. கைப்பேசியை நேர் எதிரே வைக்காமல், பக்கவாட்டில், கட்டைகளின் மட்டத்தில் நிற்க வைத்து இரண்டு நிமிடம் பதிவுசெய்து, அதை அன்றே பார்க்காமல் மறுநாள் பார்க்க வேண்டும். அன்றே பார்த்தால் வாசித்த நினைவுதான் ஓடும். மறுநாள் பார்க்கும்போது வேறொருவர் வாசிப்பதுபோல் தெரிந்து, மணிக்கட்டு தொங்குவதும் தாளம் தள்ளாடுவதும் கண்ணில் படும். முதலில் ஒலியை நிறுத்திவிட்டுக் கையை மட்டும் பார்த்து, அடுத்ததாகக் கண்ணை மூடிக்கொண்டு ஒலியை மட்டும் கேட்பது நல்லது. இது ஆசிரியருக்கு ஈடாகாது, ஏனென்றால் பிழையைப் பிழை என்று தெரிந்தவர்தான் அதைக் காண முடியும். ஆனால் ஆசிரியர் ஒருமுறை சுட்டிக்காட்டிய பிழையை அடுத்த வகுப்பு வரை காவல் காக்க இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியாது.

எந்த ஆசிரியர்?

ஆசிரியர் என்ற பெயரில் கிடைக்கும் எவரிடமும் போகலாம் என்று நான் சொல்லவில்லை. பள்ளத்தாக்கில் பியானோவை மட்டும் சொல்லித்தருபவர்கள் அரிது. கர்நாடக வாய்ப்பாட்டும் கீபோர்டும் சேர்த்துக் கற்பிப்பவர்கள், கச்சேரிக் குழுவில் வாசித்துக்கொண்டே வகுப்பெடுப்பவர்கள், கோயில் பாடகர் குழுவின் மூத்தவர்கள் என்று வெவ்வேறு வகையினர் உள்ளனர். சுரமறிந்த வாய்ப்பாட்டு ஆசிரியர் காதை வளர்த்துவிடுவார், கையைப் பார்க்கமாட்டார். கச்சேரிக்காரர் கார்டுகளையும் பாட்டுக்கேற்ற இடைநிரப்பல்களையும் அள்ளித் தருவார். நொட்டேஷன் பக்கம் போகமாட்டார். இவர்களிடம் கற்பது வீண் அன்று, ஆனால் எதைப் பெறுகிறோம், எதைப் பெறவில்லை என்று தெரிந்து கற்க வேண்டும்.

நல்ல பியானோ ஆசிரியரை அடையாளம் காண எனக்குத் தெரிந்த சோதனை, முதல் வகுப்பில் அவர் எங்கே பார்க்கிறார் என்பது. நாற்காலியின் உயரத்தை மாற்றச் சொல்கிறவர், முழங்கை எங்கே இருக்கிறது என்று பார்க்கிறவர், எட்டு அடிகளுக்குள் நிறுத்தி ஒரே ஒரு இடத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்க வைக்கிறவர் நம்பத்தக்கவர். வகுப்பு முழுவதும் தாமே வாசித்துக் காட்டிக்கொண்டிருப்பவர் எவ்வளவு பெரிய கலைஞராக இருந்தாலும் அந்த நேரம் கச்சேரி கேட்ட நேரம்தான்.

கிரேடு தேர்வுகளைப் பற்றியும் ஒரு சொல். எல்லையின் இரு பக்கமும் பெற்றோர் முதலில் கேட்பது, “எத்தனை கிரேடு முடிப்பான்?” என்பதைத்தான். டிரினிட்டி கல்லூரியின் தேர்வில் தொடக்க நிலைக்குப் பிறகு 1 முதல் 8 வரை கிரேடுகள் உண்டு. மொத்தம் 100 மதிப்பெண்ணில் மூன்று உருப்படிகளுக்கு 66, சுர வரிசைகள் போன்ற பயிற்சிகளுக்கு 14, பார்த்தவுடன் வாசித்தல், கேட்டறிதல் போன்ற துணைத் தேர்வுகளுக்கு 20. தேர்ச்சிக்கு 60 போதும். கணக்குத் தெரிந்த பெற்றோர் உடனே கண்டுகொள்வார்கள்: மூன்று உருப்படிகளை ஓர் ஆண்டு முழுக்க அரைத்து அரைத்து வாசித்தால் மற்றவற்றில் தடுமாறினாலும் சான்றிதழ் வந்துவிடும். அப்படி நான்கு கிரேடு முடித்துவிட்டு, பன்னிரண்டு உருப்படிகளைத் தவிர வேறெதையும் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். இது தேர்வின் குற்றம் அன்று. தேர்வையே பாடத்திட்டமாக வைத்துக்கொள்ளும் வகுப்பின் குற்றம். பாடத்தோடு பாடமாகத் தேர்வுக்கும் போய்வந்தால், வெளியாள் ஒருவர் நடுநிலையாகக் கேட்டு எழுதிக்கொடுக்கும் கருத்துரை மிகவும் பயனுள்ளது.

இரண்டையும் கலப்பது

வாரம் இரு வகுப்பு என்ற நகரத்து முறை நமக்கு ஒத்துவராது. ஏலத்தோட்ட வேலைக்காக விடியற்காலை ஜீப் ஏறி இடுக்கி மலைக்குப் போய் மாலையில் திரும்பும் வீடுகளில் நேரமும் பணமும் அப்படி ஒதுங்குவதில்லை. ஆனால் மேலே சொன்னதை ஏற்றுக்கொண்டால், ஆசிரியர் தேவைப்படும் காலங்கள் வாழ்நாள் முழுவதும் சீராகப் பரவியிருக்கவில்லை என்பது தெரியும். கை வடிவம் பெறும் முதல் மூன்று மாதம் அவர் மிகவும் தேவை. இயன்றால் வாரம் ஒருமுறை, இல்லாவிட்டால் இரு வாரத்துக்கு ஒருமுறை. அதன்பிறகு சுரத்தானங்கள், கார்டுகள், நொட்டேஷன், புதிய பாடல்கள் ஆகியவற்றைத் தானே படித்துக்கொண்டு மாதம் ஒருமுறை கையைக் காட்டிவரலாம். இரு கையும் வெவ்வேறு தாளப் பிரிவுகளை வாசிக்கும் உருப்படிகள் தொடங்கும்போதும், பெடலை முறையாகப் பயன்படுத்தத் தொடங்கும்போதும் மீண்டும் சில வாரம் நெருக்கமாகப் போக வேண்டியிருக்கும். நான் இப்போதும் இப்படித்தான் குமுளிக்குப் போய்வருகிறேன்.

மலை ஏற முடியாத மழைக்காலத்தில் காணொளி வகுப்பு கைகொடுக்கும். அதில் இருவரும் சேர்ந்து வாசிக்க முடியாது, ஒலி தாமதமாகப் போய்ச் சேர்வதால் தாளம் பொருந்தாது. மேலும், பேச்சுக்காக அமைக்கப்பட்ட செயலிகள் பியானோவின் நீண்டு ஒலிக்கும் சுரத்தை இரைச்சல் என்று கருதி வெட்டிவிடும். ஜூம் செயலியில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்ற அமைப்பை இயக்கிவிட்டால் இது பெருமளவு சரியாகும். பதிவுசெய்த காணொளியை முன்கூட்டியே அனுப்பிவிட்டு, அதைப் பார்த்து அவர் சொல்வதைக் கேட்பது நேரலையைவிடப் பலன் தருகிறது.

வீட்டுப் பயிற்சி நாளொன்றுக்கு அரை மணி நேரமானாலும் தினமும் நடக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் நான்கு மணி நேரம் உட்காருவது கையைச் சோர்வடையச் செய்வதைத் தவிர அதிகம் செய்வதில்லை. முதலில் வலது கை தனியே, பிறகு இடது கை தனியே, பிறகு இரண்டும் சேர்ந்து, தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 அடி அளவில், தேவையானால் இன்னும் கீழே வைத்துக்கொண்டு, தவறே வராத வேகத்தில் வாசிக்க வேண்டும். தவறு வரும் வேகம் இன்றைக்கு நம்முடைய வேகம் அன்று. இதற்குப் பொறுமை வேண்டியிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனக்கே அது வாரத்தில் நான்கு நாள்தான் கைகூடுகிறது.

யாருக்கு ஆசிரியரே வேண்டாம் என்று கேட்டால், அப்படியும் சிலர் இருக்கிறார்கள். கோயிலில் பாடுபவர்களுக்குக் கார்டு பிடித்தால் போதும், அசல் பியானோ உருப்படிகள் வேண்டாம் என்று தெளிவாக முடிவு செய்தவர், டிரான்ஸ்போஸ் பொத்தானை ஒரு குறையாக நினைக்கத் தேவையில்லை. ஓய்வு பெற்றபின் பழைய பாடல்களை மாலையில் வாசித்து மகிழ நினைக்கும் பெரியவருக்கும் வலி வராத அளவு போதும். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளையை மட்டும் செயலியிடம் தனியே விடக் கூடாது. எலும்பும் பழக்கமும் சேர்ந்து வளரும் வயது அது.

முதன்முறை ஆசிரியர் முன் போய் அமரும்போது, நன்றாக வரும் பாட்டை வாசித்துக் காட்டத்தான் யாருக்கும் தோன்றும். அதை விட்டுவிட்டு, எப்போதும் இடறும் இரண்டு வரியை எடுத்துச் செல்லுங்கள். ஸ்டைல் பொத்தானை வீட்டிலேயே அணைத்துவிட்டுச் செல்லுங்கள்.